கோழி சாப்பிடாதவருக்கும் பங்கு உண்டு

பிராய்லர் கோழி பற்றி டீக்கடையில் பேச்சு எழுந்தால் முதலில் வருவது ஊசிக் கதைதான். "நாப்பது நாள்ல ரெண்டு கிலோ எப்படிங்க வரும்? ஹார்மோன் ஊசி போடுறான்." பெஞ்சில் இருக்கிற எல்லோரும் தலையாட்டுவார்கள். டீ ஆறுவதற்குள் அந்தக் கதையை முடித்துவிடலாம். ஒரு கொட்டகையில் ஐயாயிரம் கோழி இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள் வைத்தால், கறி விற்கிற விலைக்குக் கூலியே கட்டுப்படியாகாது. தீவனத்தில் கலக்கலாமே என்றால், வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம்; மற்ற புரதங்களைப் போலவே கோழியின் வயிற்றில் செரித்துப் போய்விடும். கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் வேறு. சீக்கிரம் எடை ஏறும் சேவலையும் பெட்டையையும் பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்து, பல பத்தாண்டுகளில் உருவாக்கிய இனம் அது. அதோடு கணக்குப் பார்த்துக் கலந்த தீவனம். அவ்வளவுதான்.

"அப்போ பயமில்லாம சாப்பிடலாம்னு சொல்றீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். பயம் வேண்டியதுதான். ஆனால் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதில்தான் நாம் தடம் மாறிவிடுகிறோம்.

ஊசிக் கதையை விட்டால் அடுத்த பயம், கறியில் மருந்து மிச்சம் இருக்கும் என்பது. இதில் உண்மை உண்டு. 2014ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், தலைநகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்தது. நூற்றுக்கு 40 என்ற கணக்கில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மருந்து கொடுத்த கோழியை இத்தனை நாள் கழித்துத்தான் வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கெடு உண்டு. கெடு முடியுமுன் வண்டி ஏற்றினால் எச்சம் தட்டு வரைக்கும் வரும். ஆனாலும் தட்டுக்கு வரும் மருந்து சொற்பம். அதுவும் உடம்பில் கரைந்து வெளியேறிவிடும். அந்த மருந்துக்கு நடுவிலேயே வாழ்ந்து பழகி, இனி அதற்கு அடங்குவதில்லை என்று ஆகிவிட்ட பாக்டீரியாக்கள் பண்ணைக்குள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை கரைவதில்லை. பெருகும், ஊர் விட்டு ஊர் போகும்.

கோழிக்கு ஏன் ஆன்டிபயாடிக் கொடுக்க ஆரம்பித்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். 1948ல் நியூயார்க் மாநிலத்தில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு விதவிதமான தீவனம் கொடுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது வைட்டமின் பி12. அந்த நிறுவனம் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்து வந்தது. மருந்தை எடுத்தபின் மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது, அதைத் தின்ற குஞ்சுகள் மற்றவற்றைவிட எடை கூடுதலாக நின்றன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம். 1950ல் இதை வெளியே சொன்னார்கள். பிறகு கேட்க வேண்டுமா? நோயே இல்லாத கோழிக்கும் தினம் தீவனத்தோடு துளி மருந்து போவது சில ஆண்டுகளில் அமெரிக்கப் பண்ணைகளில் வழக்கமாகி, பிறகு உலகமெங்கும் பரவியது.

அந்தத் 'துளி'யில்தான் வினை. ஒரு கோழியின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. லட்சத்தில் ஒன்றுக்கு, ஏதோ ஒரு மரபணு மாற்றத்தால், மருந்தை வெளியே தள்ளிவிடும் திறமையோ உடைத்துப் போடும் திறமையோ இருக்கும். மருந்து இல்லாத இடத்தில் அதற்கு ஒரு லாபமும் இல்லை. மருந்து தினமும் வர ஆரம்பித்தால் மற்றவை மடிய, இதற்கு இடமும் தீனியும் தாராளம். வசதியான சூழலில் ஈகோலை என்ற குடல் பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். சில நாட்களிலேயே குடல் முழுக்க அதன் வம்சம்தான்.

இதோடு நின்றால் பரவாயில்லை. பாக்டீரியாவுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. பரீட்சை ஹாலில் ஒருவன் பிட்டு கொண்டுவந்து, அதை நகலெடுத்துப் பக்கத்து பெஞ்சுக்கும் தள்ளிவிடுகிறான் என்று வையுங்கள். பக்கத்தில் இருப்பவன் வேறு பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தாலும் வாங்கிக்கொள்வான். அந்த ஒரே பிட்டில் நாலு பாடத்துக்கு விடை இருக்கவும் கூடும். பாக்டீரியாவிடம் இருக்கும் இந்தப் பிட்டுக்குப் பெயர் பிளாஸ்மிட். வளையமாகச் சுருண்ட ஒரு சின்ன மரபணுத் துண்டு. கோழிக் குடலில் தீங்கில்லாமல் இருக்கும் ஈகோலை, இதை ஆளைப் படுக்கையில் தள்ளும் சால்மோனெல்லாவுக்கும் கொடுக்கலாம். டெட்ராசைக்ளின் என்ற ஒரு ஆன்டிபயாடிக்கை மட்டுமே கொடுத்த பண்ணையிலும், கொடுக்காத மருந்துகளுக்கும் அடங்காத பாக்டீரியா கிளம்புவது இப்படித்தான்.

இதை முதன்முதலில் பண்ணையிலேயே வைத்து, வாரம் தவறாமல் கண்காணித்துக் காட்டியவர் ஸ்டூவர்ட் லெவி. பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து மருத்துவர். 1970களின் நடுவில் அந்த நகருக்கு வெளியே ஒரு குடும்பத்தின் பண்ணையில் 300 குஞ்சுகளை விட்டார். பாதிக்குச் சாதாரணத் தீவனம். பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம். கோழி எச்சத்தையும், பண்ணையில் வசித்த 11 பேரின் மலத்தையும், அக்கம்பக்கத்தில் இருந்த 24 பேரின் மலத்தையும் வாரந்தோறும் சோதித்தார்கள். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கால்நடை மருந்து நிறுவனங்களின் சங்கம். தீவனத்தால் மனிதருக்கு ஒன்றும் வராது என்று தெளிவாகிவிடும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. ஒரே வாரத்தில் மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடலில் ஏறக்குறைய எல்லா பாக்டீரியாவும் டெட்ராசைக்ளினுக்கு அடங்காததாகிவிட்டது. ஐந்தாறு மாதத்தில் அது வீட்டுக்குள்ளும் வந்தது. பண்ணை ஆட்களிடம் எடுத்த மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், பாக்டீரியாவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மருந்துக்கு அடங்காதவையாக இருந்தன. அக்கம்பக்கத்தாரிடம் அது 6.8 சதவீதம்தான். பண்ணை ஆட்களிடம் இருந்த பாக்டீரியா, தீவனத்தில் இருந்த மருந்தோடு வேறு பல மருந்துகளையும் தாங்கியது. பிட்டும் கைவசம் இருந்தது. கோழியோடும் தீவனத்தோடும் புழங்கியதே போதுமாக இருந்தது. 1976ல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' இதை வெளியிட்டது. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டாகத் தெரிந்த விஷயம் இது.

"நான் சுத்த சைவம், எனக்கென்ன?" என்று கேட்பவர் எல்லா டீக்கடையிலும் ஒருவர் இருப்பார். அவருக்காகத்தான் அடுத்து வருவது. பண்ணையிலிருந்து பாக்டீரியா வெளியேற வழி ஒன்றல்ல.

முதல் வழி, வேலை பார்ப்பவர்களின் கை, செருப்பு, துணி. தீவனம் போடுகிறவர், பேட்ச் முடிந்ததும் கோழி பிடிக்க வருகிறவர்கள், கடையில் வெட்டித் தருகிறவர். இவர்கள் எல்லோரும் வீட்டுக்குத்தானே போகிறார்கள்.

அடுத்தது வண்டி. அமெரிக்காவில் டெல்மார்வா தீபகற்பம் கோழிப்பண்ணைகள் நெருக்கமாக உள்ள பகுதி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அங்கே ஒரு வேலை செய்தார்கள். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, கூண்டுகளில் கோழி ஏற்றிப் போகும் லாரிகளின் பின்னாலேயே ஓட்டினார்கள். பிறகு காருக்குள் இருந்த காற்றையும், உள்ளே வைத்திருந்த சோடா டப்பாவையும், வெளிக் கதவின் கைப்பிடியையும் சோதித்தார்கள். மூன்றிலும் பாக்டீரியா, அவற்றில் மருந்துக்கு அடங்காதவையும் இருந்தன. 2008ல் வெளியான ஆய்வு இது. பல்லடத்திலிருந்தும் உடுமலையிலிருந்தும் கிளம்பும் கூண்டு வண்டிக்குப் பின்னால், இறகு முகத்தில் பறக்க, பைக்கில் போனவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி எரு. கொட்டகைத் தரையில் தென்னை நார்க்கழிவோ உமியோ பரப்பி அதன் மேல்தான் கறிக்கோழி வளர்கிறது. பேட்ச் முடிந்ததும் எச்சத்தோடு சேர்த்து அள்ளினால் அது அருமையான எரு. காய்கறிக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். கொடுத்த மருந்தில் கணிசமான பங்கு எச்சத்தோடு அப்படியே வெளியே வந்துவிடும். ஆகவே எருவோடு மருந்தும் பாக்டீரியாவும் சேர்ந்தே வயலுக்குப் போகின்றன. குவித்து, ஈரம் பார்த்து, சூடேற மக்கவைத்துப் போட்டால் பெருமளவு குறையும். பச்சையாகக் கொட்டினால் மண்ணுக்கும், மழை பெய்தால் ஓடைக்கும் கிணற்றுக்கும் போகும். கொத்தமல்லியையும் வெள்ளரியையும் நாம் வேகவைத்தா தின்கிறோம்?

கறியின் வழியாக வருவது நாலாவது. இங்கே ஒரு ஆறுதல் உண்டு. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா சூட்டுக்கு அடங்கும். நம் ஊர்க் குழம்பு கொதிக்கிற கொதியில் ஈகோலையும் சால்மோனெல்லாவும் பிழைப்பதில்லை. ஆபத்து அதற்கு முன்னால் நடக்கும் காரியங்களில் இருக்கிறது. கறியைக் குழாயடியில் வைத்து நாலு தண்ணீர் அலசுகிறோம். ஒவ்வொரு அலசலிலும் தெறிக்கும் திவலை தொட்டியிலும் மேடையிலும் பக்கத்தில் காயப்போட்ட தட்டிலும் விழுகிறது. மஞ்சள் போட்டு அலசினாலும் தெறிப்பது தெறிக்கத்தான் செய்யும். கறி நறுக்கிய பலகையிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குகிறோம். குழம்பில் பாக்டீரியா செத்தது. பச்சடியில் உயிரோடு இலைக்கு வந்துவிட்டது. அப்படி வயிற்றுக்குள் போவது உடனே காய்ச்சலைக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. குடலில் பேசாமல் தங்கி, பல மாதம் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் தொற்றாகத் தலைகாட்டலாம். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் கடைக் கறியில் கிடைத்த ஈகோலையையும் நோயாளிகளின் சிறுநீரில் கிடைத்த ஈகோலையையும் மரபணு பார்த்து ஒப்பிட்டபோது, கோழியோடு தொடர்புள்ள ஒரு வகை இரண்டு பக்கமும் இருந்தது. 2018ல் வெளிவந்த முடிவு அது.

சரி, கோழிக்குக் கொடுப்பது மாட்டு மருந்து வகை, நமக்குக் கொடுப்பது வேறு என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. பண்ணைகளில் குடிநீரில் கலந்து கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசினை எடுத்துக்கொள்வோம். நாம் மெடிக்கலில் வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசினின் நெருங்கிய சொந்தம். கோழியின் உடம்புக்குள் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறிவிடுகிறது. நாலு கோழிக்குச் சீக்கு என்றால் அந்த நாலுக்கு மட்டும் கொடுக்க வழியில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினால் ஐயாயிரமும் குடிக்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபாக்டர் இதற்கு அடங்காமல் போவதைக் கண்ட அமெரிக்கா, 2000ல் தடைக்கான வேலையைத் தொடங்கி, மருந்து நிறுவனத்தோடு மல்லுக்கட்டி, 2005ல்தான் கோழிக்கு என்ரோஃப்ளாக்சசின் கூடாது என்று முடித்தது.

கொலிஸ்டின் கதை இன்னும் கனமானது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் மருத்துவர்கள் பல காலம் ஓரம் கட்டி வைத்திருந்த பழைய மருந்து அது. மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டபின், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு வழியில்லாத நோயாளிக்காக மறுபடி எடுத்தார்கள். அதே மருந்து அந்தச் சமயத்தில் பன்றிக்கும் கோழிக்கும் எடை ஏற்றத் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பற்றி அறிவித்தார்கள். கொலிஸ்டினைத் தாங்கும் விடை அது, எழுதியிருந்தது பிளாஸ்மிட்டில். பன்றியிடம் கண்டது கடைக் கோழிக் கறியிலும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் இருந்தது. சீனா தீவனத்தில் கொலிஸ்டினை நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் எதற்கும் கொலிஸ்டின் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று தடை போட்டது. நல்ல முடிவு.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பழி முழுவதையும் கோழியின் தலையில் கட்டக் கூடாது. சளிக்கும் ஜுரத்துக்கும் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் வாங்கி, மூன்று நாளில் பாதியில் நிறுத்தும் நாமும், ஆஸ்பத்திரிகளும் இதில் பெரும் பங்காளிகள். 2019ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் 12.7 லட்சம் பேர் என்று 'லான்செட்' இதழ் 2022ல் மதிப்பிட்டது. அதில் பண்ணையின் பங்கு இத்தனை என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. மனிதருக்கான மருந்து விஷயத்தில் நம்மிடம் ஒரு முயற்சி நடந்தது, தொடங்கியது சென்னையில்தான். 2012ல் இங்கே கூடிய மருத்துவர்கள் வெளியிட்ட சென்னைப் பிரகடனம் டெல்லி வரை பேசப்பட்டது. 2014 மார்ச்சிலிருந்து 46 மருந்துகளை, சீட்டைப் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது என்று எச்1 பட்டியல் வந்தது. மெடிக்கலுக்கு இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. கொட்டகைத் தண்ணீர்த் தொட்டிக்கு அப்படி ஒரு நோட்டு இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

"ஒருதடவை கெட்டது கெட்டதுதானே, இனி நிறுத்தி என்ன பயன்?" இந்தக் கேள்விக்குக் கனடாவின் கியூபெக் மாநிலம் பதில் சொல்கிறது. அங்கே குஞ்சு பொரிப்பகங்களில், பொரியும் முன்பே முட்டைக்குள் செஃப்டியோஃபர் என்ற மருந்தைச் செலுத்தி வந்தார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் போடும் செஃப்ட்ரியாக்சோனின் சொந்தம் அது. 2005ல் பொரிப்பகங்கள் தாங்களாகவே அதை நிறுத்தின. கோழிக் கறியில் கிடைத்த ஒரு வகை சால்மோனெல்லாவில் அந்த மருந்துக்கு அடங்காதவை 62 சதவீதமாக இருந்தது. நிறுத்திய பிறகு 7 சதவீதத்துக்கு இறங்கியது. மனிதரிடமும் அதே போல இறங்கியது. பிறகு பொரிப்பகங்கள் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக மருந்துக்குத் திரும்பின. கணக்கு 20 சதவீதத்துக்கு ஏறியது. கொடுத்தால் ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது. இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

நிறுத்தினால் பண்ணைக்காரர் பிழைக்க முடியுமா? டென்மார்க் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் எடை ஏற்றும் மருந்தை 1998ல் விட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது சாவு கூடவில்லை; சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற விளைச்சலும் குறையவில்லை. ஒரு கிலோ எடைக்குத் தேவைப்பட்ட தீவனம் மட்டும் 16 கிராம் கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரியிலிருந்து எடை ஏற்றும் ஆன்டிபயாடிக்குகள் இல்லை.

நம் ஊரில் இதைச் செய்ய வேண்டியவர் யார்? கொங்குப் பகுதியில் கறிக்கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்துக்காக வளர்ப்பவர்கள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் தரும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. பேட்ச் முடிந்ததும் எடை, தின்ற தீவனம், செத்த கோழி மூன்றையும் கணக்குப் பார்த்து வளர்ப்புக் கூலி வரும். மருந்தை முடிவு செய்வது அவர் கையில் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனும் இல்லை. குஞ்சை நெருக்கி விடாமல் இடம் கொடுப்பது, பேட்ச்சுக்கும் பேட்ச்சுக்கும் நடுவே கொட்டகையைக் காலி போட்டுச் சுண்ணாம்பு அடிப்பது, குடிநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது, வெள்ளைக்கழிச்சலுக்கும் கம்போரோவுக்கும் காலத்தில் தடுப்பு மருந்து கொடுப்பது: இவைதான் ஆன்டிபயாடிக்கின் தேவையைக் குறைப்பவை. இவற்றுக்கு ஆகும் செலவைக் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டியது நிறுவனங்கள். தீவன மூட்டையில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று அச்சிடச் செய்து, எந்தப் பண்ணைக்கு எவ்வளவு போனது என்று கால்நடை மருத்துவர் கையெழுத்தோடு பதிவு கேட்க வேண்டியது அரசு.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கறியை அலச வேண்டும் என்றால் குழாயடியில் வேண்டாம். அகலப் பாத்திரத்தில் தெறிக்காமல் அலசி, தண்ணீரை மெதுவாகக் கொட்டி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை வையுங்கள். தோட்டத்துக்குக் கோழி எரு வாங்கினால் மக்கவைத்துப் போடுங்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு மெடிக்கலில் நிற்காதீர்கள்.

கோழிக்குச் சீக்கு வந்தால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. வராத சீக்குக்கும், ஏறாத எடைக்கும் கொடுப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம். நம் வெயிலும் கொட்டகையும் டென்மார்க் மாதிரி இல்லை. செலவு கொஞ்சம் கூடலாம். கிலோவுக்குச் சில ரூபாய் கூடினாலும், ஆஸ்பத்திரியில் கடைசி மருந்தும் வேலை செய்யாமல் போவதற்கு நாம் கொடுக்கப் போகும் விலையோடு பார்த்தால் அது மலிவு.